தேய்ந்த திரையும் தெளிந்த எழுத்தும்

(பாலக்காடு மாவட்டத்தின் தமிழ் வழங்கும் எல்லைப் பகுதியில், மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



வளர்ச்சி என்றவுடன் அணைக்கட்டும் ஆலையும் நெடுஞ்சாலையும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் அதன் கனம். கணிப்பொறித் திரையின் கண்ணாடி மீது பூசப்படும் மெல்லிய மேற்பூச்சையே குறிப்பிடுகிறேன். அது தேய்ந்து திட்டுத் திட்டாகிவிட்டால் என்ன செய்வது, அதை அகற்றலாமா, அகற்றுவதாயின் எவ்வாறு என்பதே என் உரையின் பொருள். இத்தனை சிறிய பொருளுக்கு ஓர் உரை வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

கேரள மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கணிப்பொறிக் கல்வியைக் கொண்டுசெல்லும் திட்டம் 2001ஆம் ஆண்டு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் கணிப்பொறிகள் வந்து சேர்ந்தன. அவை பருத்த பின்புறம் கொண்ட கண்ணாடிக் குழாய்த் திரைகள். எல்லைப்புறப் பள்ளி ஒன்றில் அக்கருவிகளைப் பேணும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தமிழில் தட்டச்சு செய்யும்போது மெய்யெழுத்துகளின் புள்ளியை அடிக்கடி விட்டுவிடுவாள். 'கல்' என்பது 'கல' ஆகும். 'மண்' என்பது 'மண' ஆகும். எழுத்தறிவில் பின்தங்கியவள் என்று அவளைக் குறித்துவைத்தோம். கண் மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோருக்கும் சொல்லி அனுப்பினோம். கண்ணில் குறையேதும் இல்லை.

ஒரு நாள் அவளை வேறு இருக்கைக்கு மாற்றியபோதுதான் உண்மை விளங்கிற்று. அங்கே அவள் ஒரு புள்ளியும் தவறாமல் எழுதினாள். பழைய இருக்கையின் திரையில் மேற்பூச்சு தேய்ந்து, நடுப்பகுதியில் மேகம் படர்ந்தாற்போல் திட்டுகள் இருந்தன. சன்னல் வெளிச்சம் படும் வேளையில் அத்திட்டுகளுக்குள் எழுத்தின் புள்ளி கரைந்துவிடும். ஆங்கில எழுத்தில் ஒரு புள்ளி மறைந்தாலும் சொல்லை ஊகிக்கலாம். தமிழிலோ புள்ளியே எழுத்தின் உயிர்நிலை. குறை திரையில் இருந்தது. பழி குழந்தையின் மீது விழுந்தது. அத்திரையை அந்நிலைக்குக் கொண்டுவந்தவனும் நானே என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பூச்சு எதற்கு?

வெறும் கண்ணாடி, தன் மீது நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கை ஒவ்வொரு பரப்பிலும் திருப்பி அனுப்புகிறது. இதனாலேயே சன்னலின் பிம்பமும் விளக்கின் பிம்பமும் திரையில் தெரிகின்றன. ஒளி அலையின் நீளத்தில் கால் பங்கு கனமுள்ள தக்கதொரு பொருளைக் கண்ணாடி மீது படியவைத்தால், பூச்சின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் அடிப்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வண்ணங்களைத் தோற்றுவிக்கும் அதே இயற்கை விதிதான் இங்கும் செயற்படுகிறது.

இவ்வறிவு பிறந்த வரலாறு சுவையானது. பழைமையால் மேற்பரப்பு மங்கிப்போன வில்லைகள் புதிய வில்லைகளைவிட மிகுதியாக ஒளியை உட்செலுத்துவதை, 1890களில் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் கண்டார். 1935இல் செருமனியின் ஸ்மகுலா வெற்றிடத்தில் பூச்சேற்றும் முறையை வகுத்தார். ஆக, கண்ணாடியின் முதுமையிலிருந்து பிறந்த கலையே இது. அதன் முதுமையைப் பற்றியே நாம் இன்று கவலைப்படுகிறோம்!

திரைகளில் நான்கு வகைச் சீரமைப்புகள் உண்டு. முதலாவது, கண்ணாடியின் முகத்தையே நுண்ணிதாகச் சொரசொரப்பாக்குவது; இதில் பூச்சு என்று தனியாக ஏதுமில்லை. இரண்டாவது, சிலிக்காக் கரைசலைத் தெளித்துச் சூட்டில் இறுக்குவது. மூன்றாவது, வெற்றிடத்தில் படியவைக்கும் மெல்லடுக்குகள். நான்காவது, பிசின் கொண்டு ஒட்டிய பிளாஸ்டிக் படலம். சில பூச்சுகளில் மின்சாரத்தைக் கடத்தும் பொருளும் கலந்திருக்கும். திரையில் தேங்கும் நிலைமின்னூட்டத்தையும், அதனால் ஒட்டும் தூசியையும் குறைப்பது அதன் பணி. 1990ஐ ஒட்டி சுவீடனில் வகுக்கப்பட்ட தரவிதிகள், திரையைச் சுற்றியுள்ள மின்புலத்தைக் குறைக்குமாறு வலியுறுத்தின. அதன் பிறகு இத்தகைய பூச்சுகள் பரவலாயின.

பூச்சு ஏன் தேய்கிறது?

பாலக்காட்டுக் கணவாயின் காற்றை இங்குள்ளோர் அறிவர். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று நுண்மணலைச் சுமந்துவருகிறது. மணலின் முதன்மைக் கூறான குவார்ட்சு, கண்ணாடியை விடக் கடினமானது. தூசி படிந்த திரையை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். தேவிகுளம், மூணாறு போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளில் இடர் வேறு வகையினது. குளிர்ந்த திரை மீது பனிமூட்டத்தின் ஈரம் நுண்துளிகளாகப் படியும். ஈரமும் அழுக்கும் சேர்ந்து படலத்தின் ஓரங்களில் புகுந்து பிசினைத் தளர்த்தும்.

இவற்றுடன் மனிதனின் பங்கும் உண்டு. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர்மங்கள் சன்னலுக்கு ஏற்றவை. பூச்சுள்ள திரைக்கு ஏற்றவை அல்ல. நாள்தோறும் காலையில் அத்தகைய நீர்மத்தைத் தெளித்துப் பழைய செய்தித்தாளால் திரையைப் பளபளவென்று துடைக்குமாறு மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். தூய்மையில் எங்கள் அறைக்கு நற்பெயர் இருந்தது. இரண்டாம் ஆண்டில் திட்டுகள் தோன்றின. கருவியோடு வந்த கையேட்டில் இதற்கான எச்சரிக்கை இருந்தது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதைப் படிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன்.

முதலில் நோயை அறிதல்

திட்டு தெரிந்தவுடன் தேய்க்கத் தொடங்கலாகாது. குறை வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று அறிவது முதற்கடமை. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. குழாய்த் திரையின் கண்ணாடி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனம் கொண்டது. திரையில் எழுத்தைத் தோற்றுவித்து, தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். திட்டு எழுத்தின் மீது நகர்வதுபோல் தோன்றினால் அது வெளிப்பரப்பில் உள்ளது. எழுத்தோடு ஒட்டி அசையாமல் நின்றால், உட்புறத்து ஒளிர்பொருள் கருகியிருக்கிறது. அதற்கு வெளியே செய்யத்தக்க மருந்து இல்லை.

வெளிப்பரப்பில்தான் குறை என்றால், அணைத்த திரையில் குழல்விளக்கின் பிம்பத்தைச் சாய்வாக நோக்குங்கள். பிம்பம் ஊதாவாகவோ பச்சையாகவோ தெரிந்தால் அது மெல்லடுக்குப் பூச்சு. வண்ணமின்றிப் பரவி மங்கலாகத் தெரிந்தால் தெளிப்புப் பூச்சு, அல்லது சொரசொரப்பாக்கிய கண்ணாடி. மூலையில் நகத்தால் தொடும்போது விளிம்பு தட்டுப்பட்டால் அது ஒட்டிய படலம்.

அடுத்து, அகற்றுவது தக்கதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பூச்சை அகற்றினால் கூசொளி மிகும். மின்கடத்தும் பூச்சாயின் தூசியும் மிகுதியாக ஒட்டும். கிடைக்கும் நன்மை ஒன்றே: திரை முழுவதும் ஒரே சீராக இருக்கும். நம் கண் சீரான மங்கலைப் பொறுத்துக்கொள்ளும். மங்கலும் தெளிவும் மாறிமாறி வருவதைப் பொறுத்துக்கொள்ளாது. ஆகவே ஓரத்தில் சிறு தேய்வு மட்டும் இருந்தால் விட்டுவிடுவதே அறிவுடைமை. எழுத்து வரும் பகுதியில் திட்டுகள் பரவியிருந்தால் மட்டுமே அகற்றலைக் கருதலாம்.

பாதுகாப்பு

குழாய்த் திரையின் உட்புறம் வெற்றிடம். வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. 27 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட திரையின் பரப்பு 540 சதுர சென்டிமீட்டர். அதன் முகம் மட்டும் அரை டன்னுக்கும் மேற்பட்ட சுமையை ஓயாமல் தாங்கி நிற்கிறது. உடைந்தால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கிப் பின் சிதறும். வண்ணத் திரைக் குழாய்க்கு 25,000 வோல்ட் அளவிலான மின்னழுத்தம் செல்கிறது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். ஆகவே மின் இணைப்பைக் கழற்றி ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். பின்மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. திரையின் மீது நீர் ஊற்றலாகாது. துளையிடும் எந்திரத்தில் மெருகுத் துணியைப் பொருத்தித் தேய்க்கலாகாது. ஓரிடத்தில் சூடேறினால் கண்ணாடி வெடிக்கக்கூடும். ஆழ்ந்த கீறலோ விரிசலோ உள்ள திரையைத் தொடவே வேண்டாம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம்.

மற்றோர் எச்சரிக்கையை அழுத்தமாகக் கூற விரும்புகிறேன். கண்ணாடியை அரிக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தையும், அதன் உப்புகள் அடங்கிய பசைகளையும் சிலர் பரிந்துரைப்பதுண்டு. பூச்சை அவை நொடியில் கரைக்கும் என்பது மெய்யே. ஆனால் அவ்வமிலம் தோலின் வழியே ஊடுருவி உடலின் சுண்ணாம்புச் சத்தைப் பிணித்துவிடும். தொடக்கத்தில் வலிகூடத் தெரியாமல், பின்னர் உயிருக்கே ஊறு விளைவிக்கும். பள்ளியிலோ அலுவலகத்திலோ அதற்கு இடமே இல்லை. ஒரு திரையை மீட்க ஒரு விரலைக் கூடப் பணயம் வைக்கலாகாது.

அகற்றும் முறை

பிளாஸ்டிக் படலமாயின், மூலையில் நகத்தால் நெகிழ்த்தி, திரையோடு ஒட்டியவாறே மடக்கி, மெதுவாக உரிக்க வேண்டும். எஞ்சும் பிசினை யூகலிப்டஸ் தைலம் தொட்ட துணியால் துடைக்கலாம். மலைநாட்டார் அனைவர் வீட்டிலும் இருக்கும் பொருள் அது. தைலம் தீப்பற்றக்கூடியது, பிளாஸ்டிக் சட்டத்தையும் மென்மையாக்கும். எனவே சட்டத்தின் விளிம்பை முன்னரே காகித நாடாவால் மூடிவிட வேண்டும். படலம் தடித்து இறுகி ஒட்டியிருந்தால், அது குழாய் சிதறாமல் காக்கும் அமைப்பின் பகுதியாக இருக்கலாம். அதனை உரிக்க வேண்டாம்.

இறுகிய பூச்சாயின், கண்ணாடிக்கு மெருகேற்றப் பயன்படும் சீரியம் ஆக்சைடு தூள் உதவும். முதலில் ஈரத்துணியால் மணல்துகள் ஒன்றும் இல்லாமல் தூசியை ஒற்றியெடுக்க வேண்டும். தூளை நீரில் நீர்த்த மாவுபோல் குழைத்து, கெட்டிக் கம்பளித் துண்டில் தொட்டு, மூலையில் உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் சிறுசிறு வட்டங்களாகக் கையால் தேய்க்க வேண்டும். உலரவிடாமல் அவ்வப்போது நீர் தொட்டுக்கொள்ள வேண்டும். கால் மணி நேரம் கழித்துத் துடைத்து, விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். அவ்விடத்தில் பிம்பம் கூர்மையாகவும் நிறமற்றும் தெரிந்தால் முறை பலித்தது. முழுத் திரைக்கும் தொடரலாம். மாற்றமே இல்லையெனில் அது சொரசொரப்பாக்கிய கண்ணாடி, அல்லது மிக இறுகிய பூச்சு. முயற்சியைக் கைவிட வேண்டும். வலிமையைக் கூட்டுவதும், முரட்டுத் தூளுக்கு மாறுவதும் கண்ணாடியைக் கெடுக்கும்.

இத்தூளைப் பற்றி ஒரு சொல். அருமண் தனிமங்களில் மிகுதியாகக் கிடைப்பது சீரியம். அதன் தாதுவான மோனசைட்டை 1909இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் செருமானிய வேதியியலர் ஷோம்பெர்க் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சி, சவறா மணலின் வளத்தைக் கருதி 1950இல் இந்திய அருமண் நிறுவனம் அமைக்கப்பட்டது. 1952இல் ஆலுவாயில் அதன் ஆலை செயற்படத் தொடங்கியது. நம் கடற்கரை மணலில் உறங்கும் ஒரு தனிமமே நம் குழந்தைகளின் திரையைத் தெளிவாக்க உதவுகிறது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் திட்டு விழுந்த திரைகள் பதினொன்று. ஒரு திரைக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. எட்டு திரைகள் சீராயின. இரண்டில் பூச்சு அசையவில்லை, அவற்றை விட்டுவிட்டோம். ஒன்றில் பொறுமையிழந்து நான் தரைக்கல் துலக்கும் தூளைப் பயன்படுத்தினேன். அது நிலையாகக் கீறிப்போயிற்று. அக்கீறலும் என் கணக்கில் சேர்வதே.

அகற்றிய பின் கூசொளி மிகுந்தது. அதற்குத் தீர்வு கடையில் இல்லை, அறையிலேயே இருந்தது. சன்னலுக்கு எதிரே முகம் காட்டி நின்ற மேசைகளை, சன்னல் பக்கவாட்டில் வருமாறு திருப்பிவைத்தோம். ஒரு திரைச்சீலை தொங்கவிட்டோம். இதை முதலிலேயே செய்திருந்தால் பூச்சின் தேவையே பாதி குறைந்திருக்கும்.

அலுவலர்களுக்கு

கண்ணாடிக் குழாய்த் திரைகளின் காலம் இன்று பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆனால் இப்பாடம் முடியவில்லை. இன்றைய மடிக்கணினிகளுள் சிலவற்றுக்கும் தொடுதிரைகளுக்கும் முகம் கண்ணாடியே, அதன் மேலும் பூச்சு உண்டு, அதுவும் உரிகிறது. மற்ற பல தட்டைத் திரைகளின் முகமோ கண்ணாடியன்று, மெல்லிய பிளாஸ்டிக் தகடு. அங்கே நான் கூறிய தூளோ தைலமோ பட்டால் திரை அழியும். நீர் தொட்டுப் பிழிந்த மென்மையான பருத்தித் துணியன்றி வேறொன்றும் அதற்கு வேண்டாம். கருவியின் வகையறியாத மருத்துவம் எங்கும் தீங்கே.

மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, கருவி வழங்கும்போதே பேணும் முறையை ஒரே பக்கத்தில், அப்பள்ளியின் பயிற்றுமொழியில் அச்சிட்டு அறைச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள். மலையாளத்தில் ஒன்று, எல்லைப்புறப் பள்ளிகளுக்குத் தமிழில் ஒன்று. ஒரு தாளின் செலவு, ஓர் அறைக் கருவிகளின் ஆயுள். இரண்டாவது, 'பழுது' என்று கழிக்கும் முன், பழுது எத்தகையது என்று ஒரு வரி எழுதச் செய்யுங்கள். எங்கள் பதினொரு திரைகளும் 'மங்கல்' என்ற ஒரே சொல்லில் கழிவுப் பட்டியலுக்குச் செல்ல இருந்தவை.

மூன்றாவது, உண்மையாகவே பயனற்ற திரைகளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். குழாயின் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு உள்ளது. செம்புக் கம்பிக்காக அதை உடைத்து வாய்க்காலோரம் கொட்டினால் ஈயம் நம் மண்ணையும் நீரையும் சேரும். மின்னணுக் கழிவுக்கென நாட்டில் 2011, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. கேரளத்தில் இக்கழிவைத் திரட்டும் பணியில் அரசின் தூய்மைக் கேரள நிறுவனம் ஈடுபட்டுள்ளது. வழி இருக்கிறது, அதன்வழி அனுப்புவது நம் கடமை.

மாணவச் செல்வங்களே! அந்த மாணவியிடம் பின்னர் நான் மன்னிப்புக் கேட்டேன். "அங்கே புள்ளி இருந்ததே எனக்குத் தெரியாது சார். எல்லாரும் சொன்னதால், எனக்குத்தான் எழுத வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்" என்றாள். கருவியின் குறையைத் தன் குறையாக ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் நம் பள்ளிகளில் எத்தனை பேரோ! ஒருவர் பிழை செய்யும்போது, அவர் எந்தத் திரையின் வழியே உலகைப் பார்க்கிறார் என்று முதலில் பாருங்கள். தேய்த்துத் துடைக்க வேண்டியது பல வேளைகளில் அதுவே.